எண்ணுகிற வேலையை இன்னொருவரிடம் கொடுங்கள்

போன எபிசோடில் ஊழியரின் தாழ்மையைப் பற்றிப் பேசினோம். இன்னைக்கு உத்தமத்தைப் பற்றி. இரண்டும் வேற வேற என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் சபையில் மூன்று நாள் கூட்டம் நடத்தினோம். முடிந்ததும், ஊழியத்தைத் தாங்குகிறவர்களுக்குக் கடிதம் எழுதினேன். "கடைசி நாள் 500 பேர் வந்தார்கள்" என்று எழுதிவிட்டேன். கணக்குப் பார்க்கிற மூப்பர் என்னைத் தனியாகப் பார்த்து, "ஐயா, பந்தல்காரர் பில்லில 200 நாற்காலிதானே இருக்கு?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "மீதிப் பேர் நின்னாங்க" என்றேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. யாரும் நிற்கவில்லை; பின்வரிசையே காலியாகத்தான் இருந்தது.

1948-ல் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரில் பில்லி கிரகாமும் அவருடைய குழுவினரும் கூடி, சுவிசேஷகர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று யோசித்தார்கள். பணம், ஒழுக்கம், உள்ளூர் சபைகளைக் குறை சொல்வது. இவற்றோடு கூட்டத்தின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதையும் சேர்த்தார்கள். நாம சின்ன விஷயம்னு நினைக்கிறதை அவர்கள் அந்த வரிசையில் வைத்தார்கள்.

பவுலைப் பாருங்க. 2 கொரிந்தியர் 8-ம் அதிகாரம். எருசலேமுக்குப் போகிற தர்மப்பணம். அப்போஸ்தலன் அவர், "என்னை நம்புங்கள்" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சபைகளே தெரிந்துகொண்ட ஒரு சகோதரனைக் கூட வைத்துக்கொள்கிறார். கர்த்தருக்கு முன்னால் மட்டுமல்ல, மனுஷருக்கு முன்னாலும் சரியாக நடக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் நம்மைச் சரிபார்க்க இடம் கொடுக்கணும்னா தாழ்மை வேணும். தாழ்மை இல்லாத இடத்தில் உத்தமம் ரொம்ப நாள் நிற்காது.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டு, பிறகு இரண்டாவது கடிதம் எழுதினேன். "200 பேர்கூட வரவில்லை. நான் எழுதியது பொய்" என்றே எழுதினேன். ஒரு குடும்பம் காணிக்கையை நிறுத்திவிட்டது. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இப்போது எண்ணுவது அந்த மூப்பர்தான், நான் எண்ணுவதில்லை.

உங்கள் கணக்கை யார் பார்க்கிறார்கள்? உங்களைக் கேள்வி கேட்க அவர்களுக்குப் பயமா? அதை இந்த வாரம் அவர்களிடமே கேளுங்கள்.

ஜெபிப்போம்.