மனச்சுமையும் கனவும் கலையும்

(கேமரன் மலை தேயிலைத் தோட்டக் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம், வீடு, நிலம், தமிழ்ப்பள்ளி, அடையாளக் கார்டு, இவற்றைப் பற்றித்தான் நம் இயக்கத்தில் வழக்கமாகப் பேசுவோம். இன்று மனசைப் பற்றிப் பேசப் போகிறேன். உரிமைக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்ற பயத்தோடு தினமும் படுத்து எழுந்திருப்பவருக்கு எப்படி நல்ல தூக்கம் வரும்? சம்பந்தம் அதுதான்.

தேசியத் தற்கொலைப் பதிவகம் 2009ஆம் ஆண்டுக்கு வெளியிட்ட அறிக்கையில், மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் இந்தியர்களின் விகிதமே மற்ற இனங்களைவிட அதிகமாக இருந்தது. ஆனாலும் நம் வீடுகளில் இதை வாய்விட்டுப் பேசுகிறோமா? "தஞ்சோங் ரம்புத்தான்" என்று ஒருவர் கிண்டலாகச் சொன்னால் போதும், கஷ்டத்தைச் சொல்ல வந்தவர் வாயை மூடிக்கொள்வார். அங்கே மனநல மருத்துவமனை 1911இல் தொடங்கியது. இன்று அதன் பெயர் பஹாகியா, மகிழ்ச்சி என்று அர்த்தம். நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடத்தின் பெயரை நாம் வசவுச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். முதலில் அதை நிறுத்துவோம்.

இப்போது நம் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பாருங்கள். 1929இல் ரசல் என்ற வெள்ளைக்காரர் போ தோட்டத்தைத் தொடங்கினார். நம் தாத்தா பாட்டிகள் காடு வெட்டித் தேயிலை நட்டார்கள். அதற்கு வெகு காலம் முன்பே இந்த மலை ஓராங் அஸ்லி மக்களின் வீடு. கேமரன் மலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் செமாய் மக்கள். பேராக், கிளந்தான் பக்கம் போனால் தெமியார் மக்கள். கனவை இவர்கள் சும்மா விடுவதில்லை. சொல்லிக்கொள்வார்கள், பாடவும் செய்வார்கள்.

இதை வைத்து ஒரு பெரிய கட்டுக்கதையும் கிளம்பியது. 1934இல் கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் இங்கே வந்தார். தைப்பிங் அருங்காட்சியகத்தில் வேலை செய்த பாட் நூனோடு தெமியார் மக்களிடம் போனார். இவர்கள் தினமும் காலையில் கனவைப் பேசித் தீர்ப்பதால் இவர்களிடம் மனநோயும் இல்லை, சண்டையும் இல்லை என்று 1951இல் எழுதினார். அமெரிக்காவில் அதைப் படித்தவர்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து கனவு பேச ஆரம்பித்தார்கள். பிறகு, அதில் பெரும்பகுதி ஸ்டூவர்டின் சொந்தக் கருத்து என்று வில்லியம் டாம்ஹாஃப் 1985இல் ஒரு புத்தகமே எழுதிக் காட்டினார். ஏழைகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் எதையும் எழுதலாம் என்பது நமக்குப் பழகிய விஷயம்தானே!

உண்மையில் நடப்பது வேறு. என்னைக் கேட்டால், கட்டுக்கதையைவிட அது உயர்ந்தது. 1981இல் தெமியார் மக்களோடு போய்த் தங்கிய மரீனா ரோஸ்மன் என்ற ஆய்வாளர் 1991இல் அதைப் புத்தகமாக்கினார். தூங்கும்போது மனிதரின் உயிர் வெளியே உலவுகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. மலையின் உயிரோ, ஆற்றின் உயிரோ, ஒரு பழமரத்தின் உயிரோ கனவில் வந்து ஒரு பாட்டைக் கொடுக்கும். கனவு கண்டவர் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ள மாட்டார். யாருக்காவது உடம்போ மனசோ சரியில்லாத இரவில் எல்லாரும் கூடுவார்கள். அவர் ஒரு வரி பாடுவார். பெண்கள் மூங்கில் குழல்களைத் தட்டிக்கொண்டு அதே வரியைத் திருப்பிப் பாடுவார்கள். ஒருவர் கனவு ஊர்ப்பாட்டாகிவிடும். நோயாளி தனியாக இல்லை என்று அவருக்கே தெரியும்படி ஊரே குரல் கொடுக்கும்.

இது நமக்குப் புதிதா? ஒப்பாரியை நினைத்துப் பாருங்கள். ஒருத்தி இழுத்துப் பாட, கழுத்தைக் கட்டிக்கொண்டு மற்றவர்கள் சேர்ந்து அழுவார்கள். மாமியார் கொடுமை, கங்காணி திட்டியது, ஊரில் விட்டு வந்த அம்மா, எல்லாம் அந்தப் பாட்டில் வந்துவிடும். செத்தவருக்காக மட்டுமா நம் பாட்டிமார் அழுதார்கள்? கனவைத் தோழியிடம் சொல்வதும் நம் வழக்கம்தான். ஆண்டாள் தன் கல்யாணக் கனவைத் தோழியிடம்தான் சொல்கிறாள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். தேவந்தி உடனே பரிகாரம் சொல்கிறாள், குளத்தில் மூழ்கு, காமவேள் கோயிலில் கும்பிடு என்று. அது எனக்குப் பெருமையில்லை என்று கண்ணகி முடித்துவிடுகிறாள்.

நாம் எல்லாருமே தேவந்திகள்தாம். பிள்ளை ராத்திரி பயந்து எழுந்தால், என்ன கண்டாய் என்று கேட்கும் முன்பே தாயத்துக்கு ஆள் அனுப்புகிறோம். இல்லாவிட்டால் கனவில் வந்த பாம்புக்கு நாலு நம்பர் எடுக்க ஓடுகிறோம்! கனவு சொன்னவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார், அவரைக் கேட்க ஆளில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். வாரம் ஒரு ராத்திரி டிவியை அணைத்துவிட்டு வீட்டு அஞ்சடியில் குடும்பமாக உட்காருங்கள். ஒருவர் தன் கனவைச் சொல்லட்டும். தூக்கத்தில் கண்டதாக இருக்கலாம், மனசில் வைத்திருக்கும் ஆசையாகவும் இருக்கலாம். யாரும் பலன் சொல்லாதீர்கள், சிரிக்காதீர்கள், புத்திமதியும் வேண்டாம். "அப்புறம்?" என்று மட்டும் கேளுங்கள். சொல்ல வராத பிள்ளை வரையட்டும், பழைய நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கம் போதும். கோலமாவும் கரித்துண்டும் கூடப் போதும். உறுமி அடிக்கத் தெரிந்த அண்ணன்மார் அந்தக் கனவுக்கு ஒரு தாளம் போடலாம். அப்பாமார்களே, நீங்களும் சொல்ல வேண்டும். கள்ளுக்கடையில் சொல்லும் கதை இதில் சேராது.

மட்டக்களப்பில் 1996இல் போருக்கு நடுவே வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்றைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக வந்து படம் வரைந்தார்கள், மண்ணில் பொம்மை செய்தார்கள், கதை கட்டினார்கள். குண்டுச் சத்தத்துக்கு நடுவே அதைச் செய்ய முடிந்தது. நம்மால் முடியாதா?

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாட்டும் படமும் சம்பளத்தை உயர்த்தாது. "தோட்டத்து ஆட்கள் சந்தோஷமாகப் பாடுகிறார்கள், அவர்களுக்கு என்ன குறை" என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். வீட்டுக்கான கோரிக்கையும் அடையாளக் கார்டுக்கான மனுவும் அப்படியே நடக்கும். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணம். இங்கேயே பிறந்தும் பத்திரம் இல்லாதவரிடம் வெளிநாட்டுக்காரர் கட்டணம் கேட்கிறார்கள். அவருக்கு மனநோய் வந்தால் எங்கே போவார்?

கனவு பேசுவது வைத்தியத்துக்குப் பதிலும் ஆகாது. இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, யாருக்கும் கேட்காத குரல் கேட்கிறது, செத்துப்போகலாம் என்கிறார் என்றால் தாமதிக்காமல் தானா ராத்தா மருத்துவமனைக்கோ பக்கத்து கிளினிக்குக்கோ கூட்டிப் போங்கள். வீட்டில் இருக்கும் பூச்சி மருந்தையும் களைக்கொல்லியையும் அன்றே அப்புறப்படுத்துங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை.

இரவு எந்நேரமும் பேச பிஃப்ரண்டர்ஸ் 03-76272929. சுகாதார அமைச்சின் எண் 15555. எடுத்தவுடன் தமிழ் பேசுகிறவர் வேண்டும் என்று கேளுங்கள். இந்த இரண்டு எண்களையும் பிள்ளைகளை விட்டுப் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லி, சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.