தாமிரபரணி வயல்களில் உரமும் நுண்ணுயிரும்



தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டு நம் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. 1873-இல் அது கட்டி முடிந்த பிறகுதான் வடகால், தென்கால் பாசனம் நிலைபெற்றது. இதே அணைத் தண்ணீர் 20 எம்ஜிடி (நாளொன்றுக்கு 2 கோடி கேலன்) திட்டக் குழாயில் தூத்துக்குடி ஆலைகளுக்கும் போனது. 1975 முதல் யூரியா தயாரிக்கும் ஸ்பிக் அவற்றில் ஒன்று. நம் ஆற்று நீரில் உருவான உரம் மூட்டையாகி நம் வரப்புக்கே வந்து சேர்ந்தது.

"உப்பு உரம் மண்ணின் உயிரைக் கொன்றுவிட்டது" என்று மேடைதோறும் பேசுகிறோம். அது முழு உண்மையல்ல. பல நாடுகளில் நெடுங்காலம் நடந்த 64 வயல் சோதனைகளைத் தொகுத்த ஓர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. உரமே போடாத நிலத்தைவிட ரசாயன உரம் போட்ட நிலத்தில் நுண்ணுயிர்த் திரள் சராசரியாக 15 விழுக்காடு கூடியிருந்தது. பயிர் செழித்தால் மண்ணில் தங்கும் வேரும் தாளும் கூடும். அவைதான் நுண்ணுயிர்களுக்கு இரை. கார அமில நிலை (pH) 5-க்குக் கீழே இறங்கிப் புளித்த மண்ணில்தான் நிலைமை மாறியது. நம் பக்கத்து மண் பெரும்பாலும் அப்படிப்பட்டதல்ல.

பிறகு நம் வயலில் என்னதான் கெட்டது? எருவாய் நாம் இட்டுவந்த இரையை நிறுத்திவிட்டோம். மூட்டை வந்ததும் வண்டி வண்டியாய் எரு அடிப்பது குறைந்தது, ஆட்டுக்கிடை அருகியது, கொழிஞ்சிப் பசுந்தாள் மறந்தது. 2010-இல் ஊட்டச்சத்து அடிப்படையிலான மானியம் வந்தபோது யூரியா மட்டும் அதற்கு வெளியே நின்றது. மற்ற உரங்கள் விலையேற, யூரியா மலிவாகவே இருந்தது. மலிவானதைக் கூடுதலாகப் போட்டதற்கு விவசாயியைக் குறை சொல்ல நான் தயாரில்லை. கொள்கையே அவரை அந்தப் பக்கம் தள்ளியது.

யூரியா மட்டும் மிகும்போது மண்ணுக்குள் வேலைப் பங்கீடு மாறுகிறது. நெல்வயல் நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதை 1939-இல் விஞ்ஞானி பி. கே. டே நிறுவினார். தேங்கிய நீரில் யூரியா மிகுந்தால் பாசி அந்த வேலையை விட்டுவிடும். காற்றில்லாத சேற்றில் வேறு பாக்டீரியாக்கள் யூரியாவிலிருந்து உருவாகும் நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய சத்துதான் அப்படிப் போகிறது.

பிசான நெல் அறுத்த தரிசில் உளுந்து போட்டிருப்பீர்கள். பூக்கும் தறுவாயில் ஒரு செடியை மண் உதிராமல் மெல்லத் தோண்டி எடுங்கள். வேர் முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும். காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கும் ரைசோபியம் பாக்டீரியா உழைக்கும் அடையாளம் அது. முடிச்சே இல்லையென்றாலோ உள்ளே வெளிறிக் கிடந்தாலோ, நெல்லுக்குப் போட்டு மிஞ்சிய யூரியாவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இந்த நுண்ணுயிர்களோடு ஒத்துப்போகும் வழி நமக்குத் தெரியாததல்ல. யூரியா, ஜிப்சம், வேப்பம் புண்ணாக்கை 5:4:1 விகிதத்தில் கலந்து போடச் சொன்னது நம் வேளாண் பல்கலைக்கழகம். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவை வேம்பு நிதானப்படுத்தும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கோடையில் ஒரு ஏக்கரிலாவது கொழிஞ்சி விதையுங்கள். எட்டு கிலோ விதை போதும்; தோல் கடினமானது, மணலோடு தேய்த்து விதையுங்கள். பூக்கும்போது மடக்கி உழுங்கள். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே மண்ணைக் கொடுத்துப் பரிசோதித்து, அதன்பின் யூரியா அளவை முடிவு செய்யுங்கள்.