போனஸ் வீட்டில் தங்கட்டும்
(தாராவியில் நடந்த குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீபாவளிக்கு முன் கூட்டம் போட்டால் என்ன வாங்கலாம் என்றுதான் பேச்சு வரும். நான் வாங்காமல் இருப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கோபிக்கக் கூடாது.

1974 மே 8ஆம் தேதி தொடங்கி 20 நாள் ரயில்வே தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கோரிக்கைகளில் போனஸும் ஒன்று. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். அதன் பிறகு 1979-80 கணக்கில்தான் ரயில்வேயில் போனஸ் வந்தது. 2025இல் 78 நாள் போனஸ், அதிகபட்சம் 17,951 ரூபாய். இந்தப் பணம் நம் வீட்டில் எத்தனை நாள் தங்குகிறது? கைக்கு வருமுன்பே கடைக்காரர் கணக்கில் ஏறிவிடுகிறது. போராடியவர் ஒருவர், கொண்டுபோகிறவர் வேறொருவர்! ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்கு அந்தப் போனஸும் இல்லை. தவணைக்காரர் மட்டும் அவர்களையும் விடுவதில்லை.

'வட்டியே கிடையாது' என்று போர்டு வைக்கிறார்கள். வட்டியில்லாத் தவணை என்ற ஒன்றே இல்லை என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. வட்டி விலைக்குள் இருக்கும், அல்லது 'பிராசசிங்' கட்டணம் என்ற பெயரில் இருக்கும். மாதத் தவணை கட்டுகிறவர் ஒரு நாள் வேலைநிறுத்தம் என்றாலும் பத்து தடவை யோசிப்பார். முதலாளிக்கு இது நன்றாகவே தெரியும்.

நான் பார்சல் ஆபீசில் ரசீது எழுதுகிறவன். பொங்கல் நெருங்கினால் ஊருக்குப் போகும் பெட்டிகளைப் பார்க்க வேண்டுமே! பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுத்துக்கொண்டு, ஊரில் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பெரிய டிவி அனுப்புகிறோம். பம்பாயில் நன்றாக இருக்கிறோம் என்று சொந்தக்காரர்களுக்குக் காட்ட வேண்டுமாம். அண்ணன் மகள் படிப்புக்குக் கொடுத்திருந்தால் ஊரே பேசியிருக்கும்.

இனிக் குப்பை. பாயைச் சுருட்டி வைக்க இடமில்லாத அறையில் எரு தயாரிக்கச் சொல்ல நான் பைத்தியக்காரன் அல்ல. ஆனால் காய்கறித் தோலையும் சோற்றையும் ஒரு டப்பாவில், காகிதம் பிளாஸ்டிக்கை ஒரு சாக்கில் போட முடியும். குழம்பு பட்ட பிளாஸ்டிக்குப் பங்கார் கடையில் விலை இல்லை, சுத்தமானதற்கு உண்டு. அதைப் பிரித்து, கழுவி, உருக்கிப் பிழைப்பவர்கள் இதே தாராவியில் 13ஆம் காம்பவுண்டில் இருக்கிறார்கள். நாம் கலந்து கொட்டுவதில் கை விடுபவரும் தொழிலாளிதான்.

மீதிக் குப்பை போன இடம் எது? 1927 முதல் தேவனார் மேடு. 2016 ஜனவரியில் அது தீப்பிடித்து நகரமே புகையில் மூழ்கியது. 2024 அக்டோபரில் அந்த மேட்டின் நிலத்தில் 124 ஏக்கரைத் தாராவி மறுசீரமைப்பு வீடுகளுக்கென மாநில அரசு ஒதுக்கியது. தகுதி இல்லை என்று ஒதுக்கப்படும் குடும்பங்களை அங்கே அனுப்பவாம்! ஊர் கழித்த குப்பைமேல் நம் பிள்ளைகள் உறங்க வேண்டுமா? அந்த வழக்கை வேறு கூட்டத்தில் விரிவாகப் பேசுவோம். அந்த மேட்டை வளர்த்ததில் நம் வீட்டுக் கூடையும் இருக்கிறது என்பதற்காகச் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்குப் பழுதான மிக்சி, மின்விசிறி, குக்கர் எதுவாக இருந்தாலும் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். வைண்டிங் தெரிந்த நம் தோழர்கள் இருவர் உட்காருகிறார்கள். உதிரிச் சாமான் விலை மட்டும் கொடுத்தால் போதும். குக்கர் கொண்டுவருகிறவர்கள் மூடியையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.