திரியாத கிரீம்

கொதிக்கிற பாலில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரிந்துவிடும். பனீர் செய்பவர்களுக்கு இது தெரியும். ஆனால் கெட்டியான கிரீமில் பிழிந்தால் திரியாது, உறையும்! இங்கிலாந்தில் ஈஸ்டர் விருந்துக்குப் பொருத்தமான 'லெமன் பாசெட்' அப்படித்தான் உருவாகிறது. ஓவன் வேண்டாம், முட்டை வேண்டாம், ஜெலட்டினும் வேண்டாம்.

600 மில்லி டபுள் கிரீம், 150 கிராம் சர்க்கரை. இரண்டையும் 3 நிமிடம் கொதிக்க விடுங்கள். பொங்கும், அதனால் பெரிய பாத்திரமே நல்லது. இறக்கி, இரண்டு மூன்று பெரிய எலுமிச்சையின் சாற்றை வடிகட்டிக் கலந்து, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் 4 மணி நேரம் வைத்தால் போதும்.

சூட்சுமம் கொழுப்பில் இருக்கிறது. டபுள் கிரீமில் ஏறக்குறைய பாதி கொழுப்பு, புரதம் கொஞ்சம்தான். புளிப்பு பட்டதும் அந்தப் புரதம் கட்டி கட்டியாகப் பிரியாமல், கொழுப்புத் துளிகளோடு பின்னிக்கொண்டு மெத்தென்று இறுகுகிறது. கொழுப்பு குறைந்த கிரீம் என்றால் சரியாக உறையாது. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது!

பழைய பாசெட் வேறு சங்கதி. சூடான பாலில் ஒயினோ பீரோ ஊற்றித் திரித்துக் குடித்த பானம் அது, சளிக்கும் கொடுப்பார்கள். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில், மன்னர் டங்கனின் காவலர்களைத் தூங்கவைக்க லேடி மேக்பெத் மருந்து கலந்தது அந்தப் பாசெட்டில்தான்.