கொல்லைப்புறத்தில் ஒரு தொலைநோக்கி
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விஞ்ஞானம் பற்றிப் பேசுங்கள், ஆனால் யாரும் தூங்கிவிடக் கூடாது என்று செயலாளர் நிபந்தனை போட்டிருக்கிறார். அதனால் சூத்திரங்களை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு மனிதரை மட்டும் அழைத்து வந்திருக்கிறேன். அவர் பெயர் க்ரோட் ரீபர். அமெரிக்கர், ஹாம் ரேடியோக்காரர். 2002 டிசம்பர் 20-ம் தேதி, 91 வயது நிறைய இரண்டே நாள் இருக்கும்போது டாஸ்மேனியாவில் காலமானார்.

ஹாம் என்பவர் அரசாங்க லைசென்ஸ் பெற்று, சொந்தக் கருவியில், லாப நோக்கமின்றி உலகத்தோடு பேசுபவர். 2004 டிசம்பர் சுனாமியின்போது போர்ட் பிளேரில் தற்செயலாக முகாமிட்டிருந்த ஹாம் குழுவினர், தொலைபேசி செத்துப்போன நேரத்தில் தகவல்களைக் கடத்தியது பலருக்கு நினைவிருக்கும். ரீபரும் பள்ளிப் பருவத்திலேயே லைசென்ஸ் வாங்கியவர். அவருடைய அழைப்புக் குறி டபிள்யூ9 ஜிஎஃப்இசட். அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளோடு பேசியாகிவிட்டது. அடுத்து என்ன?

1933-ல் பெல் ஆய்வுக்கூடத்தின் கார்ல் ஜான்ஸ்கி, பால்வெளி மண்டலத்திலிருந்து ரேடியோ இரைச்சல் வருகிறது என்று வெளியிட்டார். பேப்பர்களில் செய்தி வந்தது, அதோடு சரி. வானியல்காரர்களுக்கு ரேடியோ தெரியாது. ரேடியோ இஞ்சினீயர்களுக்கு வானம் வேண்டியதில்லை. இரண்டு டிபார்ட்மென்டுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஃபைலின் கதி என்ன என்று நம்மில் பலருக்குத் தெரியும்! ரீபர் அந்த வேலையில் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. சரி, நாமே செய்வோம் என்று கிளம்பிவிட்டார்.

1937 கோடையில் சிகாகோ அருகே வீட்டன் என்ற ஊரில், தன் வீட்டுக் கொல்லையில், கைக்காசைப் போட்டு, மரச் சட்டமும் துத்தநாகம் பூசிய தகடும் கொண்டு 31 அடி விட்டமுள்ள கிண்ணம் ஒன்றை எழுப்பினார். மேலும் கீழும் மட்டும் திரும்பும். மற்றபடி பூமி சுழலும்போது வானமே நகர்ந்து வந்து காட்சி தரும். ஊரார் விழித்தார்கள். மழை பெய்தால் நடுத் துவாரம் வழியாகத் தண்ணீர் கொட்டும். அதைப் பார்த்து, மழையைக் கட்டுப்படுத்தும் இயந்திரம் என்று வதந்தி. அவருடைய தாயார் அதில் துணி உலர்த்தினார் என்றும் சொல்வார்கள். அந்த அம்மாள் பள்ளி ஆசிரியை. அவரிடம் படித்த பையன்களில் ஒருவர் எட்வின் ஹப்பிள்.

பகலில் சிகாகோ ரேடியோ கம்பெனியில் உத்தியோகம். கார் இஞ்சின்களின் தீப்பொறி இரைச்சல் அடங்கிய பிறகு, நள்ளிரவு முதல் விடியும்வரை மீட்டரைப் பார்த்து நிமிஷத்துக்கு நிமிஷம் எழுதிக்கொள்வார். முதலில் 3300 மெகாஹெர்ட்ஸில் முயன்றார். அதிர்வெண் கூடினால் சிக்னலும் வலுக்கும் என்பது அன்றைய வெப்பக் கதிர்வீச்சுக் கணக்கு. ஒன்றும் கேட்கவில்லை. 900-லும் மௌனம். சாமானியன் கிண்ணத்தைப் பிரித்து விறகுக்குப் போட்டிருப்பான். அவரோ 160-க்கு இறங்கினார். கேட்டது! அதாவது இயற்கை அந்தக் கணக்குக்கு நேர்மாறாக நடந்துகொண்டது. காந்தப் புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்களே காரணம் என்பது 1950-களில்தான் நிலைபெற்றது.

1940-ல் அவர் கட்டுரை வானியல் ஏட்டில் வந்தது. 1944-ல் ரேடியோ வானத்தின் முதல் வரைபடம். ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தில் ஊர்ட் என்ற பேரறிஞர் அந்த 1940 கட்டுரையைப் படித்தார். தன் மாணவர் வான் டி ஹுல்ஸ்டை ஒரு கணக்குப் போடச் சொன்னார். அதிலிருந்து பிறந்ததுதான் ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலை பற்றிய கணிப்பு. கிட்டத்தட்ட பத்து வருஷம், உலகத்திலேயே ரேடியோ வானியலை முழுமூச்சாகச் செய்தவர் இந்த ஒரு தனி மனிதர்தான். சம்பளமில்லை, பதவியில்லை.

எல்லாரும் அந்தத் துறைக்குள் நுழைந்ததும் அவருக்கு அலுத்துவிட்டது. 1954-ல் டாஸ்மேனியா போய், ஆடு மேயும் நிலத்தில் கம்பங்கள் நட்டு, 144 மீட்டர் நீள அலைகளைக் கேட்டார். யாரும் சீண்டாத அலைநீளம்! பெருவெடிப்புக் கொள்கையைக் கடைசிவரை அவர் ஏற்கவில்லை. அது பிடிவாதம்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்தப் பிடிவாதம் இல்லாதவர் 160-க்கு இறங்கியிருக்க மாட்டார்.

வீட்டன் கிண்ணம் இன்று மேற்கு வர்ஜீனியாவில் கிரீன் பாங்க் ஆய்வகத்தில் நிற்கிறது. அஸ்தியை உலகின் பல ரேடியோ வானியல் நிலையங்களுக்குப் பகிர்ந்தனுப்பினார்கள். அவற்றில் ஒன்று நம் புனே பக்கம் இருக்கும் ஜி.எம்.ஆர்.டி. ஊட்டி மலைச் சரிவில் 1970-ல் 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை இயக்கிவைத்த பேராசிரியர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் அமைந்தது அது. தலா 45 மீட்டரில் 30 கிண்ணங்கள்; ரீபர் கேட்ட 160-ஐ ஒட்டிய அலைவரிசையையும் அவை கேட்கின்றன. பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தை ஒட்டிப் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். புனே, மும்பை அங்கத்தினர்கள் பேரன் பேத்திகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் போய்வாருங்கள். நாராயண்காவில் இறங்கி, கோடத் கிராமத்துக்கு வழி கேட்க வேண்டும். செல்போனை மட்டும் அணைத்துவிடுங்கள். அங்கே அதுவும் ஒரு இரைச்சல்.