கல்லால் எழுந்த மாளிகையும் சட்டத்தால் எழுந்த மாளிகையும்



தெற்கிலிருந்து ரயிலேறி வந்து விக்டோரியா டெர்மினஸில் இறங்கிய நம்மவர் பலர், நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ட காட்சிகளுள் ஒன்று, எதிரே 255 அடி உயரத்தில் நிமிர்ந்து நிற்கும் கோபுரம். மும்பை மாநகராட்சி மாளிகையின் கோபுரம் அது. அம்மாளிகை எழுந்த வரலாற்றை இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

1884-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் வைசிராய் ரிப்பன் பிரபு அதற்கு அடிக்கல் நாட்டினார். ஊர்க் காரியங்களை ஊராரின் பிரதிநிதிகளே கவனிக்க வேண்டும் என்னும் நோக்குடன் 1882-இல் தீர்மானம் வெளியிட்டவர் அவர். அடிக்கல் நாட்டிய சில நாட்களில் அவர் பதவிக்காலம் முடிந்தது.

மாளிகைக்கு இரு வரைபடங்கள் ஆராயப்பட்டன. ஒன்று, சென்னையில் செனட் மாளிகையைக் கட்டிய சிஷோம் இந்தோ-சாரசனிக் பாணியில் வரைந்தது. மற்றொன்று, எதிரேயுள்ள ரயில் நிலையத்தைக் கட்டிய ஸ்டீவன்ஸ் காதிக் பாணியில் வரைந்தது. பின்னதே ஏற்கப்பட்டது. இரு சாலைகள் கூடும் கோணத்தில் அமைந்த மனை அது. கோபுரத்தை அம்முனையில் நிறுத்தி, கட்டடத்தின் இரு சிறகுகளையும் சாலைகளை ஒட்டி விரித்தார் ஸ்டீவன்ஸ். 1893-இல் பணி நிறைவுற்றது.

மதிப்பிட்ட தொகை 11,88,082 ரூபாய். செலவானது 11,19,969 ரூபாய். மிச்சம் 68,113 ரூபாய்! பொதுப்பணத்தைத் தம் பணத்தினும் மேலாகக் காக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அடிக்கல்லுக்கும் நிறைவுக்கும் இடையே, 1888-இல், பம்பாய் மாநகராட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. அதனை உருவாக்கியதில் பெரும்பங்கு கொண்ட பிரோஸ்ஷா மேத்தாவின் சிலை இன்று மாளிகையின் முன்னே நிற்கின்றது. கல்லால் ஒரு மாளிகையும் சட்டத்தால் ஒரு மாளிகையும் ஒரே காலத்தில் எழுந்தன என்போம். முன்னது உடல், பின்னது உயிர்.

நம் சென்னையிலும் 1913-இல் திறக்கப்பட்ட மாநகராட்சி மாளிகை ரிப்பன் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஊர் இரண்டாயினும் அடிப்படைக் கருத்து ஒன்றே.

அந்நாளில் வரி செலுத்தும் வசதியுடையோர் முதலிய சிலருக்கே வாக்கு இருந்தது. இன்றோ வயது வந்த குடிமக்கள் அனைவர்க்கும் அவ்வுரிமை உண்டு. தாராவியிலும் மாட்டுங்காவிலும் வாழும் நாம் இந்நகரின் நீரைப் பருகுகின்றோம். இதன் தெருக்களில் நம் குழந்தைகள் வளர்கின்றனர். ஆயினும், "பிழைக்க வந்த ஊர்; நமக்கென்ன?" என்று வாக்காளர் பட்டியலில் பெயரைக்கூடப் பாராது இருப்போர் நம்மிடையே உளர். குழாயில் நீர் வாராதபோது மட்டும் மாநகராட்சியை நினைப்பது குடிமை ஆகுமா?

அக்கோபுரத்தை இனி வழிப்போக்கராய் அண்ணாந்து பாராமல், உரிமையுடைய குடிமக்களாய் நிமிர்ந்து பார்ப்போமாக. உரிமை வேண்டுவோர் கடமையில் தவறலாகாது.