மதுரையில் உச்சிப்பொழுது 12.17: மக்களிடையே அறிவியலாளரின் பணி

  

நான் பேசவந்த வழக்கு உங்களில் பலருக்குப் பாதியாவது தெரிந்ததுதான். ஆய்வாளர் ஒருவர் ஊதியமின்றி ஊர் ஊராகப் போய் மக்களிடம் அறிவியல் பேசுகிறாரே, அது என்ன வகைப் பணி? ஆய்வு வற்றியவர்களின் புகலிடம் என்கிறது ஒரு தரப்பு. பிழையில்லாத செய்தியை எளிய தமிழில் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என்கிறது இன்னொரு தரப்பு.

முதல் தரப்புக்கு விடை சொல்ல ஒரு பெயர் போதும். ஆர். ராமானுஜம் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தில் கோட்பாட்டுக் கணினியியல் ஆய்வு செய்துகொண்டே, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் பல பத்தாண்டுகள் உழைத்தவர். 1980இல் தோன்றிய அந்த இயக்கம் 1987இல் ‘துளிர்’ சிறுவர் இதழைத் தொடங்கியது. 2020ஆம் ஆண்டுக்கான இந்திரா காந்தி அறிவியல் பரப்புகைப் பரிசை இந்திய தேசிய அறிவியல் கழகம் அவருக்கு வழங்கியது. அவரது ஆய்வு வற்றவில்லை.

என் நெடுநாள் சண்டை இரண்டாம் தரப்போடு. செய்தி சொல்வது பாதி வேலைகூட இல்லை. கேட்பவர் தம் கையால் அளந்து, சொன்னவரை மறுக்கும் நிலைக்கு வரவேண்டும்.

நிழலில்லா நாளை எடுத்துக்கொள்வோம். மதுரை ஏறத்தாழ 9.9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 16ஐ ஒட்டியும் ஆகஸ்டு 27ஐ ஒட்டியும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும். செங்குத்தாக நட்ட கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அளக்க ஒரு காலைப்பொழுது வேண்டும். கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இரவல் வாங்கவேண்டும். கம்பு செங்குத்தா, தரை மட்டமா என்று பிள்ளைகளே பார்க்கவேண்டும்.

நிழலில்லா நாளொன்றில், திருப்பரங்குன்றம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒரு சிறுமி கேட்டாள்: “உச்சிப்பொழுதுன்னா பன்னெண்டு மணிதானே சார்? நிழல் இன்னும் கிடக்கே?” நல்ல கேள்வி. நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கத்துக்கு, அதாவது உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர் வழியாகப் போகும் கோட்டுக்கு, வைத்த கடிகாரம். மதுரை 78.1 பாகையில் இருக்கிறது. ஒரு பாகையைக் கடக்கச் சூரியனுக்கு நான்கு நிமிடம். எனவே ஏப்ரல் நடுவில் நமக்கு உச்சிப்பொழுது 12.17 வாக்கில்தான். இதை அவர்களே கணக்குப் போட்டார்கள், போட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நிழல் சொன்ன நேரத்தில் ஒடுங்கியது.

இந்த நிழலைக் கொண்டு பூமியையே அளக்கலாம். அதே நாளில் சென்னையில் ஒரு மீட்டர் கம்பின் நண்பகல் நிழல் ஏறக்குறைய ஐந்தரை சென்டிமீட்டர் இருக்கும். அங்கே சூரியன் உச்சியிலிருந்து விலகி நிற்கும் கோணம் சுமார் 3.16 பாகை. மதுரையில் அது சுழி என்பதால், பூமியின் வளைவில் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான கோணமும் அதுவே. இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்குத் தெற்காகத் தொலைவு சுமார் 350 கி.மீ. (சாலைத் தொலைவை எடுத்தால் கணக்கு கெட்டுவிடும்.) 360ஐ 3.16ஆல் வகுத்து 350ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 39,900 கி.மீ. அளவில் வருகிறது. எரட்டோஸ்தனிஸ் எகிப்தில் இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் கையாண்ட வழி இதுவே.

நண்பர்கள் இந்த இடத்தில் கைதட்டி நிறுத்திவிடுகிறார்கள். நான் இங்கேதான் தொடங்கச் சொல்கிறேன். சூரியன் வானில் அரைப் பாகை அகலம் உடையது. அதனால் நிழலின் நுனி கூர்மையாக விழாது. கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு மங்கி நிற்கும். நுனியை ஐந்து என்று குறித்த பிள்ளைக்குச் சுற்றளவு 44,000. ஆறு என்று குறித்த பிள்ளைக்கு 36,700. யார் சரி? எந்த இடத்தை நுனி என்பது? எல்லாரும் ஒரே மாதிரி குறிக்க என்ன விதி வேண்டும்? வகுப்பில் இந்த வாதம் எழும்போது அறிவியல் அங்கே நடக்கிறது. துல்லியமான விடையை முன்பே சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் அதற்கேற்ப நிழலைக் குறித்துவிடுவார்கள். பிழையை மறைக்காமல் பதிவேட்டில் எழுதச் சொல்வதுதான் தன்னார்வலரின் முதல் கடமை.

இதுபோலப் பிள்ளைகளோடு செய்யக்கூடிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 டிசம்பர் 26 கங்கண கிரகணம் திண்டுக்கல் வழியே போனது. அன்று பிள்ளைகள் குறித்த நேரங்களைத் தொகுத்துப் பார்க்கவேண்டும். எம். கே. சந்திரசேகரன் குழு மதுரைக்கு அருகிலுள்ள குகையில் வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்த கதை, குகையைச் சுற்றியுள்ள ஊர்ப் பள்ளிகளில் பாடமாகவேண்டும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் கிணற்று நீர்மட்டத்தைக் கயிறு விட்டு மாதந்தோறும் குறிக்கலாம். நகருக்குள்ளும் வயல்வெளியிலும் ஒரே இரவின் வெப்பத்தை ஒப்பிடலாம். இவை ஒவ்வொன்றும் தனிச் சொற்பொழிவுக்குரியவை.

பிள்ளைகளின் அளவீடுகளைப் பிழைகளோடு சேர்த்துக் காக்க ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். எந்தத் துறை அதை ஏற்கும் என்பதை, இந்த அவை கலையுமுன் பேராசிரியர்கள் கூடி முடிவுசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.